ஐந்து பிரதிகளும் ஓர் ஆண்டும்: லூனாஸ் வட்டாரத்தாருக்கு ஒரு திறந்த மடல்

லூனாஸ், பாயா பெசார், பாடாங் செராய், கூலிம் சுற்றுவட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், கோயில் நிர்வாகத்தாருக்கும், மணிமன்றத் தோழர்களுக்கும், தோட்டத்தை விட்டு வந்த பிறகும் தோட்டத்துக் காகிதங்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும்:

ஒரே ஒரு வேண்டுகோளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இதுவரை அச்சடித்தவற்றையும் இனி அச்சடிக்கப் போகிறவற்றையும் நூலகத்துக்குக் கொடுங்கள். கோலாலம்பூரில் இருக்கும் தேசிய நூலகத்துக்கும், அலோர் ஸ்டாரில் இருக்கும் நம் மாநில நூலகத்துக்கும், எல்லை தாண்டினால் செபராங் ஜெயாவில் இருக்கும் பினாங்கு மாநில நூலகத்துக்கும் கொடுங்கள். ஓர் ஆண்டு, அந்த மூன்று நூலகங்களும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையாக இதை ஆக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் தொடக்கம் நம் வீட்டு அலமாரியிலிருந்துதான் வரவேண்டும்.

நம் ஊரில் எதுவும் அச்சாகாமல் ஓர் ஆண்டு போனதில்லை. தைப்பூசத்துக்கு ஒரு மலர், கும்பாபிஷேகத்துக்கு ஒரு மலர், பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு மலர், மன்றத்தின் வெள்ளி விழாவுக்கு ஒரு மலர், தலைமையாசிரியர் பணி ஓய்வு பெற்றால் அதற்கும் ஒரு மலர். கூடவே அழைப்பிதழ், நோட்டீஸ், ஆண்டறிக்கை, வரவு செலவுக் கணக்கு, நன்கொடை ரசீதுப் புத்தகம் என்று ஒரு கட்டு. விழா முடிந்த மறுவாரமே இவை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகின்றன. பத்து ஆண்டு கழித்து யாராவது தேடினால், பழைய செயலாளர் வீட்டில் இருக்கும் என்பார்கள். செயலாளர் சுங்கைப்பட்டாணிக்கு மாறிப் போயிருப்பார். அவர் பிள்ளைகளைக் கேட்டால், வீடு மாறும்போது எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோமே என்று கையைப் பிசைவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. இது வைத்துக் காக்க வேண்டிய பொருள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சொல்லும் சட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், சட்டம் 331. நூலோ இதழோ வெளியிடுகிறவர், வெளியான ஒரு மாதத்துக்குள், ஐந்து பிரதிகளைத் தம் செலவில் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. சுவரொட்டி, வரைபடம் போன்றவை என்றால் இரண்டு பிரதி. பெரிய பதிப்பகத்தாருக்கு உரிய சட்டம் அது, நமக்கு என்ன என்று நாம் இருந்துவிட்டோம். வெளியிடுகிறவர் பதிப்பகமா, பள்ளியா, சங்கமா, தனியாளா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்த நான் வரவில்லை. இந்தச் சட்டத்தை நான் ஓர் உரிமையாகவே படிக்கிறேன். ஒரு தோட்டத்துக் கோயில் மலரும் நாட்டின் நூலகத்தில் ஓர் இடத்துக்கு உரியது என்று நாடாளுமன்றமே எழுதி வைத்திருக்கிறது. அந்த இடத்தை நாம் போய் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது என் மேசையில் ஒரு மலர் இருக்கிறது. எந்தத் தோட்டத்தது என்று சொல்ல அந்தக் குடும்பத்தாரின் அனுமதியை இன்னும் கேட்கவில்லை; ஆகவே பெயர் வேண்டாம். இளஞ்சிவப்பு அட்டை. நடுவில் குத்திய இரண்டு கம்பியும் துருப்பிடித்து, அந்த இடத்தில் காகிதம் பழுப்பேறித் தொட்டால் உதிர்கிறது. முதலில் மேனேஜரின் வாழ்த்துரை ஆங்கிலத்தில். அடுத்து, தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் வாழ்த்துரை தமிழில், மேனேஜருடையதைவிட நீளமாக. மன்றத்தின் ஆண்டறிக்கையில், கேரம் பலகை வாங்கியதும், ஆர்மோனியம் பழுது பார்த்ததும், படிப்பகத்துக்கு நாளிதழ் வரவழைத்ததும், அதற்கு மாதம் எவ்வளவு ஆனது என்பதும் சென்ட் கணக்கோடு எழுதியிருக்கிறது. நடுப்பக்கத்தில் காற்பந்துக் குழுவின் படம். கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. பால்வெட்டுக்குப் போய்வந்த ஒரு பெண் எழுதிய கவிதை இருக்கிறது. அச்சில் வந்த அவளுடைய ஒரே எழுத்து அதுவாகவே இருக்கக்கூடும்.

பின்பக்கங்கள் முழுவதும் விளம்பரம். சைக்கிள் கடை, துணிக்கடை, நகைக்கடை, தமிழில் பெயர் எழுதிப் போட்ட சீனர் மளிகைக்கடை. இந்த விளம்பரங்களை வரிசையாக வைத்தாலே லூனாஸ் கடைத்தெரு அன்று எப்படி இருந்தது என்று வரைந்துவிடலாம். கடைசியில் நன்கொடையாளர் பட்டியல்: பெயர், டிவிஷன், தொகை. மேல் டிவிஷனில் யார் இருந்தார்கள், கீழ் டிவிஷனில் யார் இருந்தார்கள் என்பது அதில் தெரிகிறது. எந்தப் பல்கலைக்கழக ஆய்விலும் இந்த விவரம் வராது. அந்தத் தோட்டமும் இன்று இல்லை. செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு வந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கத்து நிலத்தின் விலையும் பயனும் எப்படி மாறின என்பதை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். லயம் போனது, பிரட்டுக்களம் போனது. கோயில் சில இடங்களில் பெயர்ந்து வந்தது. பெயர்கள் இந்த இளஞ்சிவப்பு மலரில் மட்டும் இருக்கின்றன.

காகிதம் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1940களில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படையைக் கட்டினார். கள்ளுக்கடையை எதிர்த்தும், தொழிலாளியின் மானத்துக்காகவும் அவர்கள் கிளம்பினார்கள். கெடாத் தோட்டங்களில் அந்த இயக்கம் பரவியது, மோதல் வந்தது, கைது வந்தது, சிறை வந்தது. அந்தக் கதையை இன்று படிக்க விரும்புகிறவர் எதை எடுக்கிறார்? மைக்கேல் ஸ்டென்சன் எழுதி 1980இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஆய்வு நூலை எடுக்கிறார். போலீசும் தொழிலாளர் இலாகாவும் தோட்ட முதலாளிகளும் எழுதிய கடிதங்களை எடுக்கிறார். காரணம் எளியது. அவர்கள் கோப்பு வைத்தார்கள், கோப்பைக் காப்பகம் பாதுகாத்தது. தொண்டர் படைக்காரர் கையில் இருந்த நோட்டீஸ் மழையிலும் செல்லிலும் போனது. அடித்தவர் எழுதியது பத்திரமாக இருக்கிறது. அடிபட்டவர் எழுதியதை நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். பீடோங்கிலோ சுங்கைப்பட்டாணியிலோ யார் வீட்டிலாவது அந்தக் காலத்துத் தாள் ஒன்று மிஞ்சியிருந்தால், இந்த மடல் அவர்களுக்கும்தான்.

நம் ஊருக்கே வருகிறேன். 1981இல் விஷச் சம்சு என்ற கள்ளச்சாராயம் லூனாஸில் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லூனாஸில் பிறந்த ம. நவீன் அந்தத் துயரத்தை உள்ளே வைத்து 2019இல் ‘பேய்ச்சி’ நாவலை எழுதினார். 2020 இறுதியில் உள்துறை அமைச்சு அந்த நாவலைத் தடை செய்தது. தடையைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒரு நாவலைத் தடை செய்வது தவறு என்பதே என் கருத்து. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. நாவலாசிரியர் தம் வேலையைச் செய்துவிட்டார். நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க அந்த ஆண்டு இங்கே அச்சான இரங்கல் நோட்டீஸ், மறு ஆண்டுப் பள்ளி மலர், கோயில் அறிக்கை எங்கே? யார் யார் போனார்கள், எந்தப் பிள்ளையை எந்த அத்தை வளர்த்தாள், ஊர் என்ன உதவி செய்தது? இவற்றை அப்போது யாரோ எங்கோ எழுதித்தான் இருப்பார்கள். சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், கே. பாலமுருகன் என்று கெடா நமக்குத் தந்த எழுத்தாளர்கள் பெரியவர்களின் வாய்மொழியைக் கேட்டே நிறைய எழுதினார்கள். சயாம் மரண ரயிலைப் பற்றிப் புண்ணியவான் ‘கையறு’ எழுதினார். அந்த ரயில்பாதைக்குப் போய்த் திரும்பியவர்களில் இன்று கேட்டு எழுத யார் இருக்கிறார்கள்? இனி வரும் எழுத்தாளருக்குக் காகிதம்தான் துணை.

அப்படியானால் எந்த நூலகத்துக்குக் கொடுப்பது என்று கேட்பீர்கள். இங்கேதான் தேசிய நூலகமும் மாநில நூலகங்களும் சேர்ந்து வேலை செய்வது நமக்கு முக்கியமாகிறது. தேசிய நூலகம் 1966இல் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கி, 1972இன் தேசிய நூலகச் சட்டத்தால் தனி அடையாளம் பெற்றது. தெங்கோலோக் என்ற மலாய்த் தலைப்பாகை வடிவத்தில் ஜாலான் துன் ரசாக்கில் நிற்கும் அதன் கட்டடத்தைக் கோலாலம்பூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மாநிலங்களில் இருப்பவை தனித்தனி நூலகக் கழகங்கள், அந்தந்த மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. ஒருவர் உத்தரவு போட்டு மற்றவர் கேட்கும் அமைப்பு இது அல்ல. சேர்ந்து ஒரு காரியம் ஆக வேண்டுமானால் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். பேசினால் நடக்கும் என்பதற்குக் கிராம நூலகங்களே சாட்சி. தேசிய நூலகமும் மாநிலக் கழகமும் கைகோத்ததால்தான் கம்போங்குகளில் அந்தச் சின்ன நூலகங்கள் நடக்கின்றன. எந்த நூல் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று காட்டும் தேசியப் பொதுப் பட்டியலும் இருக்கிறது; காத்தாலோக் இண்டுக் கெபாங்சாஆன் என்று அதைச் சொல்கிறார்கள். ஆக, பாதை போட்டாயிற்று. அந்தப் பாதையில் நம் தோட்டத்து மலர் இன்னும் ஏறவில்லை.

மூன்று நூலகம் எதற்கு, ஒன்று போதாதா? லூனாஸ் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். நாம் கெடாவில் குடியிருக்கிறோம், பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போகிறோம், மலரைப் பினாங்கில் அச்சடிக்கிறோம். அட்டையின் உள்பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் பினாங்கு முகவரியும் இருக்கும். தோட்டத்தின் பெயர் உள்ளே தமிழில் மட்டும் இருக்கும். தமிழ் தெரியாத நூலகர் அதைக் கையில் எடுத்தால் எந்த மாநிலத்துக்கு உரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? பினாங்கு நூலகம் அதைத் தன் மாநில வெளியீடாக எடுத்துக்கொள்ளலாம், கெடா நூலகத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகலாம். இரண்டு மாநில நூலகத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பட்டியல் போட்டால் மட்டும் இது தீரும். தேசிய நூலகம் நடுவில் இருந்தால் அந்தப் பட்டியல் நாடு முழுக்கத் தெரியும்.

வெளிநாட்டில் இப்படி நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2019இல் தேசிய நூலகமும் மாநில, பிரதேச நூலகங்களுமாக ஒன்பது நூலகங்கள் சேர்ந்து மின்வெளியீடுகளுக்கென ஒரே ஒப்படைப்பு வாசலைத் திறந்தன. மூலையில் இருக்கும் ஒரு சிற்றூர்ச் சங்கம் தன் செய்தி மடலை இணையத்தில் ஒருமுறை ஏற்றினால் போதும். தேசியச் சட்டக் கடமையும் மாநிலச் சட்டக் கடமையும் சேர்ந்து தீரும். ஒன்பது அரசுகளின் தனித்தனிச் சட்டங்களுக்கு நடுவில் இதைச் செய்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 1954இன் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் இன்னும் மூன்று நூலகங்களுக்கும் போக வேண்டும்; அவற்றில் ஒன்று, 1896இல் திறந்த சென்னை கன்னிமாரா. ஒரே பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் இருக்க வேண்டும் என்ற எண்ணமே அந்தச் சட்டத்தின் அடிப்படை. அது ஏன் முக்கியம் என்று யாழ்ப்பாணத்தைக் கேளுங்கள். 1981இல் அங்குள்ள பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவே இல்லை. அந்த இழப்பை மறக்காத ஈழத்தமிழர்கள் 2005இல் ‘நூலகம்’ இணைய நூலகத்தைத் தொடங்கி, கோயில் மலர்களையும் பள்ளி மலர்களையும் நினைவு மலர்களையும் தேடித்தேடிப் படம்பிடித்துப் போடுகிறார்கள். நாம் தூக்கிப் போடும் அதே வகைக் காகிதம்!

சிங்கப்பூரில், குடியரசின் ஐம்பதாம் ஆண்டான 2015இல், தொண்டர்கள் முன்வந்து உழைத்து, தேசிய நூலக வாரியத்தோடும் மற்ற அமைப்புகளோடும் சேர்ந்து, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350ஐ மின்வடிவில் கொண்டுவந்தார்கள். அரசு தொடங்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு தனி மனிதர். நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர் குப்பை என்று நினைத்ததையும் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் அமைந்தது.

நம் நாட்டிலும் முன்னோடி இல்லாமல் இல்லை. இராம சுப்பையா மலேசியா, சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டு ‘தமிழ் மலேசியானா’வைத் தொகுத்தார், மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் அதை வெளியிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் பிறகு வந்தவற்றுக்கும், அதில் இடம்பெறாத தோட்டத்துச் சிறு வெளியீடுகளுக்கும் யார் பட்டியல் போடுவது?

பல்கலைக்கழகம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்த நேரத்தில், தமிழுக்கு அங்கே உரிய இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி தம் ‘தமிழ் முரசு’ நாளிதழ் வழியாகக் குரல் கொடுத்து ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத்துத் தொழிலாளிகளும் தங்கள் கூலியிலிருந்து தங்களால் ஆன வெள்ளியைப் போட்டார்கள். 1956இல் துறை தொடங்கியது. இந்த நாட்டின் உயர்கல்வி நூலகத்தில் தமிழ் நூல் அடுக்கப்பட்டதற்குப் பின்னால் பால் மங்கு கழுவிய கைகளின் காசு இருக்கிறது. காசு கொடுத்தவர்களின் சொந்த எழுத்து மட்டும் அந்த அடுக்கில் ஏறாமல் நின்றுவிட்டது. எனக்கு ஆறாத மனக்குறை இது.

உங்களில் சிலர் தயங்குவீர்கள் என்று தெரியும். எங்களிடம் இருப்பது ஒரே பிரதி, கொடுத்தால் திரும்பி வருமா என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. மூலத்தைக் கொடுக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். நூலகத்தார் ஸ்கேன் எடுத்துவிட்டு மூலத்தை எழுத்து மூலமான ரசீதோடு திருப்பித் தர வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொருவர், எங்கள் மன்றத்துச் சண்டையெல்லாம் அதில் வந்திருக்கிறதே என்றார். சண்டையும் வரட்டும். சண்டை போடும் அளவுக்கு அந்த மன்றத்தை மதித்தார்கள் என்று பிறகு வருகிறவர்கள் புரிந்துகொள்வார்கள். ஆனால் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, கடன் விவரம் உள்ள தாள்களைத் தனியே கட்டி வையுங்கள். இத்தனை ஆண்டு மூடி வைத்துப் பிறகு திறக்கலாம் என்று நூலகத்தோடு பேசி முடிவு செய்யலாம். உயிரோடு இருப்பவர்களின் சங்கதி அது. அவர்களைக் கேட்காமல் வெளியே விடக்கூடாது.

மூன்றாவது தயக்கம் பட்டறிவால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்துக்கு ஒரு பெட்டி மலர் கொண்டுபோனோம். தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லை, எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனது மிகவும் புண்பட்டது. ஆனால் முகப்பில் இருந்த அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. நூலகங்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான்: தேசிய நூலகத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் பட்டியல் போட்டால் மாநில நூலகங்கள் அதையே எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே தமிழ் நூலகரைத் தேட வேண்டியதில்லை. சேர்ந்து வேலை செய்வதால் வரும் பெரிய ஆதாயம் அதுதான். நாமும் நம் பங்குக்கு வேலையை எளிதாக்கலாம். ஒவ்வொரு மலரோடும் மலாயில் நான்கு வரி எழுதி வையுங்கள்: மலரின் பெயர், வெளியிட்ட தோட்டம் அல்லது பள்ளி, ஊரும் மாவட்டமும், ஆண்டு. ஆண்டு தெரியாவிட்டால் விளம்பரத்தையும் படங்களையும் வைத்துப் பெரியவர்களைக் கேட்டுத் தோராயமாகக் குறியுங்கள். தோராயம் என்றும் எழுதுங்கள். ரோமன் எழுத்தில் பெயரை எப்படிக் கூட்டுவது என்பதில் ஒரே முறையை எல்லாரும் வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒரே மன்றம் பட்டியலில் மூன்று மன்றமாகத் தெரியும்.

பழைய காகிதத்தைக் கையாளும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். துருப்பிடித்த கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்பக்கம் மடிந்திருக்கும் முனைகளை மெல்ல நிமிர்த்தி, ஒவ்வொரு தாளாகக் கழற்றுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் வேண்டவே வேண்டாம். ஒட்டிய சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. படங்களின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம். பென்சிலால், அழுத்தாமல், பெயர்களை எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய தாத்தா பாட்டி யாராவது இருந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் அவரிடம் போங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் கைத்தொலைபேசி போதும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் தாளைச் சமமாக வைத்து, அட்டையிலிருந்து கடைசி விளம்பரம்வரை ஒரு பக்கம் விடாமல் எடுங்கள். விளம்பரப் பக்கம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். நமக்குக் கடைத்தெருவைக் காட்டுவது அதுதான்.

மலர்களோடு நிறுத்த வேண்டாம். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழும் அறிக்கைகளும் சில வீடுகளில் இருக்கின்றன. தோட்டத் துண்டாடலில் தொழிலாளி தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. அது முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். அந்தக் காகிதங்களையும் இதில் சேருங்கள். தொழிலாளர் சங்கத்தின் ‘சங்கமணி’ இதழ்கள் இருந்தாலும் சேருங்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேச’னிலிருந்து வெட்டி ஒட்டிய நோட்டுப் புத்தகங்கள் பல வீடுகளில் உண்டு, தோட்டச் செய்தியை வெட்டி ஒட்டி வைத்த அப்பாக்கள் நம் ஊரில் நிறைய. ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருக்கிறது. மலாயாத் தோட்டச் செய்திகள் அதில் நிறைய உண்டு. பிள்ளைகளை உட்கார வைத்து நம் பக்கத்துத் தோட்டப் பெயர்கள் எங்கே வருகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். கையில் இருக்கும் மலரில் ஆண்டு இல்லாதபோது இது உதவும்.

ஓர் ஆண்டு என்று சொன்னேன். 2020இல் கோலாலம்பூர் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராக இருந்தது. நோய்த்தொற்றுக் காலம் என்பதால் நிகழ்ச்சிகள் பலவும் திரைக்குள் போயின. தலைநகரில் நடந்தது லூனாஸுக்கு வந்துசேரவில்லை. நான் கேட்கும் ஆண்டுக்கு விழாவோ மேடையோ வேண்டாம். கூலிம் பொது நூலகத்தில் ஒரு மேசையும் ஸ்கேனரும், மூன்று நூலகங்களிலிருந்தும் தலா ஒரு பொறுப்பாளரும், நம் பக்கத்திலிருந்து தமிழும் மலாயும் நன்றாக எழுதத் தெரிந்த ஐந்தாறு இளைஞர்களும் போதும். ஒரு தைப்பூசத்தில் தொடங்கி அடுத்த தைப்பூசத்துக்குள் கூலிம் மாவட்டத்தை முடிக்கலாம். சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கம் அதற்கடுத்து. மூன்று நூலகத்தாருக்கும் மலாயில் எழுதிய கடிதம் தயாராக இருக்கிறது. அதில் பள்ளிகளும் கோயில்களும் மன்றங்களும் தங்கள் முத்திரையோடு கையெழுத்திட வேண்டும். ஒருவர் எழுதினால் கோப்பில் போகும். நாற்பது முத்திரையோடு போனால் பதில் வரும்.

தலைமையாசிரியர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. இந்த ஆண்டு மலருக்கு ஐஎஸ்பிஎன் அல்லது ஐஎஸ்எஸ்என் எண் கேட்டுத் தேசிய நூலகத்துக்கு விண்ணப்பியுங்கள், கட்டணம் இல்லை. அச்சகத்தாரிடம் பிரதி எண்ணிக்கை சொல்லும்போது ஒப்படைக்க வேண்டியதையும் கூட்டிச் சொல்லுங்கள். பிறகு தேடினால் மிச்சம் இருக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. மாநில நூலகங்களுக்கும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் தலா ஒன்று அனுப்பினால் செலவு பெரிதாக ஆகிவிடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எழுதிவிட்டால், தலைமையாசிரியர் மாறினாலும் பழக்கம் மாறாது.

பெட்டி வைத்திருக்கும் குடும்பத்தார் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி அலுவலகத்திலோ கோயில் செயலாளரிடமோ பெயரைக் கொடுங்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் கண்முன்னால், உங்கள் மேசையிலேயே படம் எடுக்கிறோம். பழைய காகிதத்தைப் பிரிக்க வெயில் காலம்தான் தோது. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் ஈரத்தில் தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும், அப்போது எடுத்தால் கிழியும். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
லூனாஸ்